மலையில் வீடு: பழையதை வாங்குவதா, புதிதாகக் கட்டுவதா, வில்லாவா, வாடகையா?

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு அண்ணன் போன வருடம் வாட்ஸப்பில் நான்கு படங்கள் அனுப்பினார். முதல் படத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவு, 10 சென்ட், நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி. இரண்டாவதில் குன்னூருக்கு மேலே ஒரு பழைய ஓட்டு வீடு, சுவரெல்லாம் பாசி. மூன்றாவது ஒரு வில்லா திட்டத்தின் விளம்பரத் தாள். நான்காவது வாடகைக்கு வரும் ஒரு மாடி வீடு. படங்களுக்குக் கீழே ஒரே வரி: "தம்பி, ரிட்டயர்மென்ட் பணம். எதை எடுக்கலாம்னு நீயே சொல்லு."

இந்தச் சரிவுகளில் பதினைந்து வருடமாக வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். மாதம் ஒருவராவது இதையே கேட்கிறார்கள். எல்லோரும் விலையையும் காட்சியையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். மலையில் அந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். நீங்கள் வாங்குவது 10 சென்ட் நிலம் மட்டுமல்ல, அதற்கு மேலே இருக்கும் சரிவு முழுவதிலும் இருந்து இறங்கி வரும் தண்ணீரின் பாதையில் ஒரு துண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். அண்ணனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். நீலகிரியை வைத்துத்தான் பேசுகிறேன், எனக்குத் தெரிந்த மலை அது. கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த வாரத்தில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி, ஊட்டி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள், மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையும் அடிபட்டது. 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். அப்படிப்பட்ட மழை எப்போதோ ஒருமுறைதான் வரும், ஆனால் வீடு ஐம்பது வருடம் நிற்க வேண்டுமே.

ஒரு சின்னக் கணக்கு. 1,200 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 1,100 லிட்டர் தண்ணீர். 82 செ.மீ. பெய்தால் 90,000 லிட்டருக்கு மேல். அதாவது பெரிய தண்ணீர் லாரிகள் ஏழெட்டு, ஒரே நாளில், உங்கள் கூரையில் இருந்து மட்டும். முன்பு அந்தத் தண்ணீர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பரவி இறங்கியது. இப்போது நான்கு குழாய் வழியாக ஒரு மூலையில் வந்து விழும். அந்த மூலைக்குக் கீழே யார் வீடு இருக்கிறது?

நீலகிரியின் மண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடியில் சார்னகைட் என்ற கெட்டியான பாறை. அதற்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்குப் பாறையே மக்கிச் செம்மண் ஆகி நிற்கிறது. நடுவில் பல இடங்களில் வழவழப்பான களிமண் அடுக்கு ஒன்று உண்டு. செம்மண் தண்ணீரைக் குடித்து உள்ளே விடும், களி விடாது. மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அந்தக் களிக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும்போது, மேலே இருக்கும் மண் சோப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

எவ்வளவு மண்ணை அசைக்கிறோம். சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் சரிவு அந்த இடத்தைத் தேடி இறங்கும். எவ்வளவு குறைவாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கழிவுநீர். இதை யாருமே கேட்பதில்லை, இது எனக்குப் பெரிய வருத்தம். நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு 500 லிட்டருக்கு மேல் தண்ணீர் புழங்கும், வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அவ்வளவையும் செப்டிக் டேங்க் வழியாக உறிஞ்சுகுழியில் விட்டால், 10 சென்ட் நிலத்தில் வருடத்துக்குக் கூடுதலாக ஏறக்குறைய 49 செ.மீ. மழை பெய்ததற்குச் சமம். அதுவும் ஒரே குழியில், கோடையிலும் விடாமல். சரிவு எப்போதும் ஈரமாக இருக்கும், ஐப்பசி மழை வரும்போது அது ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும். கீழே ஊற்று இருந்தால் அதிலும் போய்ச் சேரும்.

பத்திரமும் அனுமதியும். கீழே தனியாகச் சொல்கிறேன்.

மரம், விலங்கு, பக்கத்து வீடு. காட்டுமாடு வழக்கமாக நடக்கும் தடத்தில் முள்கம்பி போட்டால் அது இன்னொரு தோட்டத்துக்குள் போகும், அவ்வளவுதான், நின்றுவிடாது.

ஆளில்லாத வீட்டைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ளும் செலவு. மலையில் இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்த வீடு தானாகவே பாழாகும். வடிகாலில் சருகு அடைத்து, தண்ணீர் திரும்பி அஸ்திவாரத்துக்குள் போவதற்கு ஒரே இரவு போதும்.

## பழைய வீட்டை வாங்கிச் சீரமைப்பது

நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். காரணம் எளிது. மண் ஏற்கெனவே வெட்டப்பட்டு, அறுபது எழுபது மழைக்காலம் பார்த்து, தன் இடத்தில் அமர்ந்துவிட்டது. 1978, 1979, 1993, 2009 என்று பெரிய மண்சரிவு வந்த வருடங்கள் எல்லாவற்றையும் தாண்டி விரிசல் இல்லாமல் ஒரு வீடு நிற்கிறது என்றால், அந்த இடத்தைப் பற்றி எந்த மண் பரிசோதனையும் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது. முன்காலத்தில் ஆட்கள் இடம் பார்த்துத்தான் கட்டினார்கள். இந்த மலையின் பழங்குடிகளான படகர்களின் ஊர்களை, அதாவது ஹட்டிகளைப் பாருங்கள்: வீடுகள் ஒரே மட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டி, வரிசையாக இருக்கும். பத்து வீட்டுக்குப் பத்து இடத்தில் மலையை வெட்டாமல் ஒரே ஒரு திட்டு. இன்றைய மனைப்பிரிவுகள் இதற்கு நேர் எதிர்.

புதிய மண் அசையாது, புதிய மரம் விழாது, பாதையும் மின்சாரமும் ஏற்கெனவே உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய சுவர்கள் பெரும்பாலும் கருங்கல்லோ செங்கல்லோ, மண் அல்லது சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. அவை ஈரத்தைக் குடித்து வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, இரண்டே வருடத்தில் பூச்சு பொருபொருவென்று உதிரும். சுண்ணாம்புப் பூச்சு போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவருக்குக் கூலி அதிகம். ஓட்டுக்குக் கீழே உள்ள மரச்சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நாலு இடத்தில் உள்ளே போனால் கரையான், கூரையை முழுக்கக் கழற்ற வேண்டும். ஒயரிங் முழுவதும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். கழிவுநீர்க் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள், பல பழைய வீடுகளில் அது நேராக ஓடையில்தான் முடிகிறது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு இனி உங்களுடையது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச்சுவர்தான் முக்கியம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் எங்கள் சொந்த வீட்டின் பின்சுவர் விழுந்தது. 9 அடி உயரம், கருங்கல், பார்க்க மலைக்கோட்டை மாதிரி இருக்கும். தண்ணீர் வெளியேறத் துளையும் விட்டிருந்தார்கள், பிவிசி குழாய் சொருகியிருந்தது. ஆனால் கட்டிய மேஸ்திரி சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டு நிரப்பாமல், வெட்டிய செம்மண்ணையே திரும்பத் தள்ளி மூடியிருந்தார். குழாயின் பின்வாய் மண்ணால் அடைத்துவிட்டது. மழையின் மூன்றாம் நாள் காலையில் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றதை அம்மாதான் பார்த்தார், துணி உலர்த்தும் கம்பி தொய்ந்திருந்ததால் கண்ணில் பட்டது. நாங்கள் முன்னறைக்கு மாறி இரண்டு மணி நேரத்தில் சுவர் சமையலறைக்குள் வந்தது. 10 அடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க ஏறி நின்றால், சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் ஏறக்குறைய 1.4 டன் தள்ளும். எந்தக் கல்லும் அதற்குத் தாங்காது, அந்தத் தண்ணீருக்கு வழி விடுவது ஒன்றுதான் வழி.

அதனால் பழைய வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழையில் போய்ப் பாருங்கள். சுவரின் துளைகளில் தெளிவான தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. பெருமழையிலும் எதுவுமே வரவில்லை என்றால் அதுதான் மிகவும் கவலைப்பட வேண்டியது.

யாருக்குப் பொருந்தும்: வருடத்தில் பாதி நாளாவது அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு, வேலையை அவசரப்படுத்தாமல் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு.

## மனை வாங்கி, மண்ணை வெட்டிச் சமதளமாக்கிக் கட்டுவது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். ஏன் என்று எண்ணிலேயே காட்டுகிறேன்.

அண்ணன் அனுப்பிய தேயிலைச் சரிவு ஏறக்குறைய 20 டிகிரி. அதில் 30 அடிக்கு 40 அடி வீடு. 30 அடி அகலத்தில் தரை கிட்டத்தட்ட 11 அடி இறங்குகிறது. முழுக்க வெட்டிச் சமப்படுத்தினால் பின்பக்கம் 11 அடிச் செங்குத்து நிற்கும், வெட்டி எடுக்கும் மண் 6,500 கன அடி, அதாவது 65 யூனிட். வெட்டிய மண் உப்பும், 80 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். மூன்று யூனிட் லாரியில் 27 நடை. இந்த மண்ணை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொன்ன மனை விற்பனையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. அது பெரும்பாலும் கீழ்ச்சரிவிலேயே தள்ளப்படுகிறது, அடுத்த மழையில் ஓடைக்கும் கீழே இருப்பவர் தோட்டத்துக்கும் போகிறது.

பாதி வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் நிரப்பி, "மண் வெளியே போகாது சார்" என்பார்கள். அதில் வீட்டின் பின்பாதி கெட்டி மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் அமுங்கும், கெட்டி மண் அமுங்காது. மூன்றாம் வருடம் ஹாலுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக ஒரு விரிசல் வரும். அதைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள், அடுத்த மழையில் அதே இடத்தில் மீண்டும் வரும்.

செலவுக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தத்தில் தடுப்புச்சுவர் இருக்காது, மண் அகற்றுவது இருக்காது, சுவருக்கு மேலே தண்ணீரைப் பிடித்துத் திருப்பும் வாய்க்கால் இருக்காது. எம்-சாண்டும் சிமெண்டும் சமவெளியில் இருந்து ஏற வேண்டும், சாலை முடியும் இடத்தில் இருந்து தலைச்சுமைக் கூலி தனி. நீலகிரியில் பொக்லைன் இறக்கவும் போர்வெல் போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரவோடு இரவாக ஓட்டிவிடலாம் என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: சரிவு மிக மென்மையாக இருந்தால் மட்டும். ஒரு 10 அடி ரீப்பர் கட்டையின் மேல் ரசமட்டம் வைத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் ஒன்றரை அடிக்குள் இருந்தால் வெட்டிக் கட்டலாம், சேதம் குறைவு. 3 அடி என்றால் வெட்டாதீர்கள், அடுத்த வழியைப் பாருங்கள். 6 அடி என்றால் அது 30 டிகிரிக்கு மேல். அந்த மனையை விட்டுவிடுங்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

## சரிவை வெட்டாமல், தூண்மேல் அல்லது படிப்படியாகக் கட்டுவது

புதிதாகத்தான் கட்டுவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. தரையை அப்படியே விட்டு, கெட்டி மண் வரை தூண் இறக்கி, மேலே வீட்டை நிறுத்துவது. இல்லாவிட்டால் வீட்டை இரண்டு மூன்று துண்டாக்கி, சரிவு இறங்குகிறபடியே ஒவ்வொரு துண்டையும் மூன்றடி மூன்றடி கீழே வைப்பது. மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியில் தன் பழைய பாதையிலேயே போகும். 27 லாரி மண் நான்கைந்து லாரியாகக் குறையும்.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மேல்பக்கத் தூண் குட்டையாகவும் கீழ்ப்பக்கத் தூண் நெட்டையாகவும் இருக்கும். நிலம் அதிர்ந்தால் குட்டைத் தூண்தான் அதிக விசையை வாங்கி முதலில் உடையும். அதனால் இதைக் கொத்தனார் கணக்கில் கட்டக் கூடாது, கட்டுமானப் பொறியாளர் ஒருவர் கம்பிக் கணக்கு போட வேண்டும், அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது. தூணின் உயரமும் அதில் சேர்ந்தால் மாடி எடுக்க முடியாமல் போகலாம், வரைபடம் போடும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தரைக்கு அடியில் காற்று ஓடுவதால் ஜனவரியில் தரை ஜில்லென்று இருக்கும், பலகைத் தளம் போட்டால் கொஞ்சம் தேவலாம்.

இன்னொன்று, அண்ணனுக்கு நேராகவே சொன்னேன்: படிகள். துண்டு துண்டாக இறங்கும் வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஆறு படி இருக்கும். அண்ணிக்கு ஏற்கெனவே முட்டி வலி. அறுபத்தைந்து வயதில் மலையேறுகிற ஆசை வேறு, சொந்த வீட்டுக்குள் தினம் நாற்பது முறை படியேறுவது வேறு. அப்படிப்பட்டவர்களுக்குச் சின்னதாக, 600 சதுர அடிக்குள், ஒரே மட்டத்தில், தூண்மேல் கட்டுவது சரிப்படும்.

யாருக்குப் பொருந்தும்: நல்ல பொறியாளர் கையில் இருப்பவர்களுக்கு, சின்ன வீடு போதும் என்பவர்களுக்கு.

## வில்லா திட்டம்

விளம்பரத் தாளில் வீட்டைத்தான் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சாலையை. 20 அடி அகலச் சாலை ஒன்று 20 டிகிரிச் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், அதன் நீளம் முழுவதும் 7 அடிக்கு மேல் வெட்டு நிற்கும். முப்பது வீட்டுக்கு வளைந்து வளைந்து போகும் சாலையைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தச் சாலை, மழை பெய்யும்போது ஒரு கால்வாய். மேல் வளைவில் சேரும் தண்ணீர் கீழ் வளைவில் கடைசி வீட்டுக்குத்தான் வரும், விலை குறைவாகச் சொல்லப்படும் மனை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

நல்லதும் இருக்கிறது, மறைக்கவில்லை. 500 சதுர மீட்டருக்கோ 8 வீட்டுக்கோ மேற்பட்ட திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்பதால் ஆவணங்களை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். நாள் முழுக்கக் காவல் உண்டு, பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், முப்பது தனித்தனி உறிஞ்சுகுழியை விட அது பல மடங்கு மேல். ஆனால் அதிலும் ஒரு விஷயம் கேளுங்கள். சுத்திகரிப்பு நுண்ணுயிர்களால் நடக்கிறது, அவற்றுக்குத் தினமும் தீனி வேண்டும். வார இறுதியில் மட்டும் நிறையும் வில்லாக்களில் ஐந்து நாள் பட்டினி, இரண்டு நாள் வெள்ளம். சரியாக வேலை செய்யாது. "வார நாட்களில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, அந்த நிலையத்தின் பக்கத்திலேயே போய் நின்று மூச்சிழுத்துப் பாருங்கள்.

மறைந்த செலவு மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகையில் இருக்கிறது. சாலையோரத் தடுப்புச்சுவர் விழுந்தால் எடுத்துக் கட்டுவது யார்? கட்டுநர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சங்கத்திடம் ஒப்படைத்த பிறகு விழுந்தால், முப்பது வீட்டுக்காரர்களும் பகிர்ந்துதான் கட்ட வேண்டும், அதில் இருபது பேர் வெளியூரில் இருப்பார்கள்.

யாருக்குப் பொருந்தும்: தனியாக இருக்கப் பயப்படுகிறவர்களுக்கு, வருடத்தில் பல மாதம் பூட்டி வைக்கப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே கட்டி முடித்து, குறைந்தது மூன்று மழைக்காலம் கண்ட திட்டமாக இருந்தால் மட்டும்.

## வாங்காமல் வாடகைக்கு இருப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கூடை மண்கூட அசையாது. பணம் வங்கியில் இருக்கும். ஜூனில் ஆரம்பித்து அடுத்த மே வரை ஒரு வருடம் முழுக்க இருந்து பார்த்தால், நவம்பரில் துணி காயாது, டிசம்பரில் கை விறைக்கும், ஏப்ரலில் தண்ணீருக்கு லாரி சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும். பக்கத்து மருத்துவமனைக்கு இரவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தெரியும். எத்தனையோ பேர் அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு, மாதம் பத்து நாள் வந்து போனால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

தொந்தரவு என்றால், வீட்டுக்காரர் சீசனில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதற்காகக் காலி செய்யச் சொல்லலாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, வெளியூர்ப் பதிவெண் வண்டியில் வந்து போகிறவர்கள் அதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பழைய வீடு | வெட்டிக் கட்டுவது | தூண்மேல் கட்டுவது | வில்லா | வாடகை |
|---|---|---|---|---|---|
| மண் அசைவு | இல்லை | மிக அதிகம் | குறைவு | சாலையால் அதிகம் | இல்லை |
| மழைத்தண்ணீர் | பழகிய பாதை, பின்சுவரைப் பாருங்கள் | பாதை மாறும் | பாதை மாறாது | சாலை வழியே கீழ் வீட்டுக்கு | வீட்டைப் பொறுத்து |
| கழிவுநீர் | குழாய் முடியும் இடம் தெரிய வேண்டும் | உறிஞ்சுகுழி எங்கே என்பது கேள்வி | அதே கேள்வி | பொது நிலையம் வேலை செய்தால் நல்லது | உங்கள் கையில் இல்லை |
| மறைந்த செலவு | கூரை, ஒயரிங், சுண்ணாம்பு வேலை | தடுப்புச்சுவர், மண் அகற்றல் | பொறியாளர், கம்பி | மாதத் தொகை, சாலைச் சுவர் | இடம் மாறும் அலைச்சல் |
| பூட்டி வைக்கலாமா | கூடாது | கூடாது | ஓரளவு | வைக்கலாம் | தேவையே இல்லை |

## எதை எடுத்தாலும் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று என்பதெல்லாம் எங்கும் பார்ப்பதுதான். மலையில் கூடுதலாகச் சில உண்டு. அரசு நிபந்தனையோடு கொடுத்த கண்டிஷன் பட்டா நிலம் விற்பனைக்கு வரும். விற்பவர் அந்த நிபந்தனையைச் சொல்ல மாட்டார். கூடலூர்ப் பக்கம் என்றால் பழைய ஜமீன் மாதிரியான ஜென்ம நில உரிமையை ஒழித்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலமா என்று கேளுங்கள், அது பல தலைமுறையாகத் தீராத வழக்கு. மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது, அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், 'ஹாக்கா' என்று கேட்டால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தனியார் காடு என்று அறிவித்த நிலமாக இருந்தால் 1949 சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதிகளாக மாவட்ட நிர்வாகம் குறித்து வைத்திருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தையும் அவர்களது பூகோஷ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வரைபடத்தில் உங்கள் மனையை மட்டும் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருந்த இடத்தில் மண் சரியவில்லை, வெகு மேலே சரிந்து ஓடை வழியாக இறங்கி வந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையிலும் அப்படித்தான், 250 பேருக்கு மேல் போனார்கள். அந்த லயங்களில் இருந்தவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை, உங்களுக்கு இருக்கிறது. மலை மடிப்பின் நடுவே, கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைக்குப் பக்கத்தில் எதையும் வாங்காதீர்கள். தரகர் அதை "நீர்வளம் உள்ள இடம்" என்பார்.

## அண்ணன் என்ன செய்தார்

தேயிலைச் சரிவை விட்டுவிட்டார். வில்லாவில் கடைசி வளைவு வீடுதான் மிச்சம் இருந்தது, அதுவும் வேண்டாம் என்றார். வாடகை வீட்டை ஆறு மாதத்துக்குப் பேசிக்கொண்டு அங்கே இருந்தபடி பழைய வீட்டைப் பார்த்துவருகிறேன் என்றார், விற்பவரும் அவசரப்படவில்லை. கழிவுநீர்க் குழாய் ஓடையில்தான் போய் விழுந்தது, அதற்கு ஆகும் செலவை விலையில் குறைக்கப் பேச்சு நடந்தது.

போன ஐப்பசியில், இரண்டு நாள் விடாத மழைக்கு நடுவே, காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. குடைமேல் மழை விழும் சத்தத்தில் பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

"தம்பி, வீட்டுக்குப் பின்னாடி நிக்கிறேன். சுவர்ல ஏழு துளை இருக்கு. அஞ்சுல தண்ணி வருது."

"கலங்கலாவா, தெளிவாவாண்ணா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார் போல.

"தெளிவாதான் வருது. ரெண்டு துளை அடைச்சிருக்கு."

"அந்த ரெண்டையும் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்க. நான் பத்து மணிக்கு வந்துடறேன்."